அம்மாவின் கடைசி ஜெபம்

ஈஜிபுரா சபையில் பாஸ்டர் தீமோத்தேயு, சாகக் கிடந்த தன் தாயின் கடைசி ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினாலே பெண்கள் முந்தானையைத் தேடுவார்கள். 'அம்மா' என்றதும் அவர் குரல் கம்மும். ஒரு இருமல் வரும். அப்புறம் சபையே அழும். அவரைப் பெற்றவளோ பீன்யாவில் தம்பி வீட்டில் சௌக்கியமாக இருந்தாள்.

அந்த ஞாயிறும் இருமிவிட்டு நிமிர்ந்தவர், கடைசி வரிசையில் கமாலியேல் ஐயாவைப் பார்த்துவிட்டார். இதே சாட்சியைத் தன் அம்மாவின் கதையாகக் கேசட்டில் பேசியிருந்த சென்னைப் பிரசங்கியார். பாஸ்டருக்கு வேர்த்துக் கொட்டியது.

ஆராதனை முடிந்ததும் ஐயா அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

"பிரதர், அது உங்க அம்மாவா?"

"மன்னிச்சிருங்க ஐயா. உங்க கேசட்டுல கேட்டதுதான். இருமலைக்கூட விடல."

ஐயா நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார்.

"ஸ்தோத்திரம். அந்த இருமலைக் கேட்டதும், அந்தம்மா பெத்த பிள்ளையே நீங்கதானோன்னு பயந்துட்டேன் பிரதர். எனக்குக் கெடச்ச கேசட்டுல பேரு இல்ல. இருமல் மட்டுந்தான் இருந்துச்சு."