மஞ்சள் குடை

"இது என் டிசைன்! யாரு இதைத் தச்சுக் கொண்டாந்து மாட்டுனது?"

ஷாமினி போட்ட சத்தத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் கப்சிப் என்று ஆனது.

அன்று, துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் குவில்ட் சங்கத்தின் போட்டி. பிடித்த ஓவியம் ஒன்றைப் பார்த்து, அதைத் துணித்துண்டுகளாலேயே சின்னதாகத் தைத்துக் கொண்டுவர வேண்டும். சுவரில் வரிசையாகத் தொங்கியவற்றில் இரண்டு மட்டும் அச்சு அசலாக ஒரே படம். கிள்ளான் ஆறு, மழை, படகில் மஞ்சள் குடையோடு ஒரு பெண்.

ஒன்று ஷாமினியுடையது. வேலை முடிந்து வந்து, விரலெல்லாம் ஊசி குத்தி, மாதக்கணக்கில் தைத்தது.

"இன்னொண்ணு என்னோடதும்மா," என்றார் மெஹ்ரின். சங்கத்துக்குப் புதிது. ஐம்பது வயதிருக்கும்.

"நான் வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன்ல, அதைப் பாத்துத்தானே தச்சீங்க?"

"இல்லம்மா, நான் அதுக்கு முன்னாடியே..."

"பொய் சொல்லாதீங்கக்கா! கிள்ளான்ல ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவர்ல மூலையில கிடந்த படம் இது. வரைஞ்சவங்க பேர்கூட இல்ல. நான் கண்டுபிடிச்சது!"

மெஹ்ரின் ஷாமினியின் குவில்ட் பக்கத்தில் போனார். குடையின் மேல் இருந்த பொடித் தையலை விரலால் தடவினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை.

"நீ ரொம்ப அழகா தச்சிருக்கம்மா," என்றார். தன்னுடையதை மட்டும் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

"பாத்தீங்களா? திருடலைன்னா ஏன் லா ஓடணும்?"

சங்கத் தலைவி தங்கமணி மட்டும் மெஹ்ரின் பின்னாலேயே இறங்கிப் போனார்.

அதற்குள் நடுவர் புனிதா வந்துவிட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மஞ்சள் குடை முன்னால் அசையாமல் நின்றார்.

"பிரமாதம். யார் வரைஞ்ச படம்?"

"தெரியலைங்க மேடம்," என்றாள் ஷாமினி.

"ஓவியரோட சம்மதம் வாங்குனீங்களா?"

"பேரே இல்லாத படம் மேடம்..."

"பேர் இல்லைன்னா வரைஞ்ச ஆளே இல்லைன்னு ஆயிடுமா? சம்மதம் இல்லாம அடுத்தவங்க படத்தை எடுத்தா அது திருட்டுதான். சாரி, ரூல்ஸ்படி இதை எடுத்துடணும்."

சற்று முன் அவள் கத்திய அதே வார்த்தை. மண்டபமே இப்போது அவளைப் பார்த்தது. புனிதாவின் கை குவில்ட்டைக் கழற்ற மேலே போனது.

"இருங்க, எடுக்காதீங்க!" மூச்சு வாங்க மேலே வந்தார் தங்கமணி. "அதுக்குச் சம்மதம் இருக்கு. இப்பத்தான் ஓவியர் என்கிட்ட வாயாலயே சொன்னாங்க."

ஷாமினிக்கு உயிர் வந்தது. "நிஜமாவா ஆன்டி? யாரு அவங்க? எங்க இருக்காங்க? நான் போய் நன்றி சொல்லணும்!"

தங்கமணி அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"தன் படம்னு எல்லார் முன்னாடியும் சொன்னா உன்னைத் திருடின்னு சொல்லிடுவாங்கன்னுதான் வாயைத் திறக்கலையாம். சுருட்டுன குவில்ட்டோட கீழ கிரேப் டாக்ஸிக்குக் காத்து நிக்கிறாங்க. ஓடு."