கரிங்கா தொகுதியின் கடைசி உறை

தன் மனைவியின் தபால் ஓட்டைச் செல்லாது என்று ஹெக்டர் ஒதுக்கி வைத்தார். அவளைப் புதைத்து நான்கு நாள்கூட ஆகவில்லை.

"அவ என் கூடப்பிறந்தவ. அந்த ஓட்டு எனக்குத்தான் விழுந்திருக்கும்," என்றார் வேட்பாளர் கிளாரன்ஸ். துக்கத்துக்குக் கட்டிய கறுப்புப் பட்டை அவர் கையில் இன்னும் இருந்தது. "உறையைப் பிரி, மாப்பிள்ளை."

"மேல இருக்கிற கையெழுத்து வின்னியோடது இல்ல, மச்சான். சட்டப்படி பிரிக்க முடியாது."

விக்டோரியா மாநில மேலவையின் கரிங்கா தொகுதி இன்று வரைபடத்தில்கூட இல்லை. இருந்த காலத்தில் அங்கே போட்டியே கிடையாது. கிளாரன்ஸ் குடும்பம் மனுப் போடும், ஜெயிக்கும். 1946இல்தான் ரொட்டிக்கடை டூலன் குறுக்கே வந்தார். சொத்து இல்லாதவர்களுக்கும் மேலவைக்கு ஓட்டு வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார்.

மறுபடி எண்ணியும் ஆளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. சமமானால் தேர்தல் அதிகாரி ஓட்டுப் போட்டு முடிக்க வேண்டும். அதிகாரி ஹெக்டர்தான்.

அவருக்கு அதுவரை மேலவைக்கு ஓட்டே இருந்ததில்லை, வீடு வின்னியின் பேரில். "வீட்டோட மாப்பிள்ளைக்கு ஏதுப்பா ஓட்டு," என்று இருபது வருஷமாகக் கிளாரன்ஸ் அடித்த கிண்டலை ஊரே கேட்டிருக்கிறது.

எழுத்தர் எடித் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கடைசி இரண்டு வாரம் வின்னியால் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை, அவர்தான் ஊட்டிவிட்டார். இப்போதாவது அழுகை வரும் என்று பார்த்தார். வரவில்லை.

"நேரமாகுது சார்," என்றாள் எடித்.

ஹெக்டர் பென்சிலை எடுத்துக் குறித்தார். "டூலன்," என்றார்.

கிளாரன்ஸ் எழுந்து வந்தார். "பழி தீர்த்துட்டே, இல்ல? என் தங்கச்சி ஓட்டைத் தள்ளிட்டு உன் ஓட்டைப் போட்டுட்டே. அவ இருந்திருந்தா உன் மூஞ்சியில முழிப்பாளா?"

ஹெக்டர் பிரிக்காத உறையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதுக்குள்ளயும் டூலன்தான், மச்சான். 'உங்களுக்கும் ஒரு ஓட்டு வேணும்'னா அவ. கையெழுத்துக்கும் சேர்த்துப் பென்சில் பிடிச்சது மட்டுந்தான் நான்."