விழத் தெரிந்தவன்

மாலை நாலரை மணிக்கு ஜெனோவாவைக் கடத்துவது என்று முடிவாகியிருந்தது. திரேஸ்புரம் கரையை ஒட்டிய சந்தில், ஐஸ் ஏற்றும் குட்டியானை வண்டிக்குப் பின்னால், முகத்தில் துண்டு கட்டிய நான்கு பேர் காத்திருந்தார்கள்.

ஜெனோவா சீக்கிரமே வந்துவிட்டாள்.

"ஏளா, அதுக்குள்ள வந்துட்ட? உங்க அப்பாவ இன்னும் காணலியே," என்றான் வேல்ராஜ், துண்டை இறக்கி.

"வள்ளம் வந்துட்டு. இப்பம் இறங்கிருவாரு. அந்தத் துண்டத் தொவச்சிருக்கக் கூடாதாண்ணே? சாள மீன் நாத்தம் தாங்கல."

"கடத்துதவன் செண்டா அடிச்சுட்டு வருவான்?"

பக்கத்தில் பெவின் நின்றான். ஆறு வருடமாகச் சென்னையில் சண்டைப் படங்களில் வில்லனின் அடியாள். தங்கையையோ காதலியையோ மீட்க வருகிற நாயகர்கள் எல்லாரும் அவனை ஒருமுறையாவது அடித்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டும், மாடிப்படியில் உருண்டும், ஒருமுறை மீன்தொட்டிக்குள்ளும் விழுந்திருக்கிறான்.

ஜெனோவாவின் அப்பா மரியான் அத்தனையையும் பார்த்திருந்தார். அவன் பெண் கேட்டுப் போனபோது ஒன்றுதான் கேட்டார். "தெனமும் அடி வாங்கிட்டு வாரவனுக்கு ஒத்தடம் குடுக்கவாலே எம்மவள வளத்தேன்?"

"அது நடிப்பு மாமா."

"நானும் முப்பது வருசமா சங்கு குளிக்கேன். தண்ணிக்கடியில நடிச்சுட்டு மேல வர முடியுமாலே?"

வரும் ஞாயிறு, பூசை முடிந்ததும், மணப்பாட்டிலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

ஆகவே இந்த ஏற்பாடு. நான்கு பேர் ஜெனோவாவை வண்டியில் ஏற்றப் பார்ப்பார்கள். பெவின் வந்து நால்வரையும் சாய்ப்பான். வீட்டுக்கு அந்த வழியாகத் திரும்பும் மரியான் அதைத் தன் கண்ணால் பார்ப்பார்.

அந்த வாரம் முழுக்க மாப்பிள்ளையூரணித் திடலில் பெவின் இந்த நான்கு நண்பர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தான். "கை வருதுன்னு தெரிஞ்சதும் விழுந்துரணும். மேல பட்டுச்சா படலியான்னு யோசிக்கப்பிடாது. யோசிச்சா பல்லு போயிரும்."

"மொத அடி நான் ஓங்குவேன். நீ குனிஞ்சிரு," என்றான் வேல்ராஜ் இப்போது. "மறந்துராத. இன்னைக்கு நீ அடிக்கவன், அடி வாங்குதவன் இல்ல."

பெவின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டான்.

சந்து முனையில் மரியான் தெரிந்தார். இடுப்பில் கட்டிய சாரம் நனைந்திருந்தது. தோளில் சங்கு நிறைந்த வலைப்பை. வேல்ராஜ் துண்டை ஏற்றிக்கொண்டு ஜெனோவாவின் கையைப் பிடித்தான். அவள் அலறினாள். ஒத்திகையில் இவ்வளவு நன்றாக அலறவில்லை.

வண்டிக்கு மறுபுறம் ஒளிந்திருந்த பெவின் ஓடி வந்தான். "விடுலே அவள."

பேசி வைத்தபடி வேல்ராஜ் கையை ஓங்கினான். பேசி வைத்தபடி பெவின் குனிந்திருக்க வேண்டும். ஆறு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. தலையை வெட்டித் திருப்பி, அரைச் சுற்றுச் சுற்றி, அடுக்கியிருந்த மீன்பெட்டிகளின் மேல் மல்லாந்து விழுந்தான். கேமரா இருந்திருந்தால் ஒரே டேக்கில் முடிந்திருக்கும்.

"எந்திரிலே," என்றான் வேல்ராஜ், துண்டுக்குள்ளிருந்து.

பெவின் எழுந்தான். இன்னொருவன் பதற்றத்தில் கையைத் தூக்கினான். பெவின் மறுபடியும் விழுந்தான்.

மரியான் வலைப்பையைத் தரையில் இறக்கி வைத்தார். சாரத்தை மடித்துக் கட்டினார்.

அவர் கை வேல்ராஜை நோக்கிக் கிளம்பியது. வேல்ராஜ் விழுந்தான். அடுத்தவனும் விழுந்தான். மூன்றாமவன் வண்டியில் மோதிச் சரிந்தான். நான்காமவன் தன் முறை வரும்வரை நின்று, பிறகு விழுந்தான். நால்வரும் எழுந்து ஓடினார்கள். வண்டியை எடுத்துப்போக மறந்துவிட்டார்கள்.

மரியான் மகளைப் பார்த்தார். மீன்பெட்டிகளுக்கு நடுவே கிடந்தவனைப் பார்த்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஜெனோவா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். இப்போது நிஜமாகவே அழுதாள்.

"முடிஞ்சு போச்சு. மணப்பாட்டுப் பையன் பேங்குல வேல பாக்கான். அங்க யாரும் அவன அடிக்க மாட்டாவ."

"நான் வேணும்னு விழலளா."

"தெரியும். ஒரு தடவ விழுந்தா சொல்லிக்கிடலாம். ரெண்டாவது தடவ அவன் உன்ன அடிக்கவே வரல. சும்மா கையத் தூக்கினான்."

பெவின் சட்டையில் ஒட்டியிருந்த செதில்களைத் தட்டினான்.

காலடி கேட்டது. மரியான் திரும்பி வந்துகொண்டிருந்தார். பெவின் எழுந்து நின்றான். ஜெனோவா எழுந்து இருவருக்கும் நடுவில் போனாள். அவளை ஒதுக்கிவிட்டு, அவர் பெவினின் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். விலாவில் கட்டைவிரலால் அழுத்தினார்.

"வலிக்கா?"

"இல்ல மாமா."

மரியான் தன் விரல் முட்டிகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஜெனோவாவுக்குக் கேட்காதபடி, குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தன் மேலயும் என் கை படல, மாப்பிள. அப்பம் சினிமாவுல அந்த அடி விழுத சத்தத்த யாரு போடுதா?"