டாங்க்குக்கு வந்த நோய்

"இஞ்சருங்கோ, திரும்பவும் நாறுது!"

லோஜனா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள்.

சிவனேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாங்க்கை சர்வீஸ் செய்து முழுசாக எட்டு நாள்கூட ஆகவில்லை.

டவுனுக்குள் பிளாட் புஷ்ஷில் இருந்தவரை ஃபிளஷை அழுத்தியதோடு கடமை முடிந்தது. டவுனுக்கு வெளியே கிளெவ்டன் பக்கம் காணியோடு வீடு வாங்கிய பிறகுதான், கவுன்சில் குழாய் இங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் செப்டிக் டாங்க். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கம்பனியிலிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும்.

"ரெண்டு வருஷம் கிரஹாம் வந்தவர். ஒரு கரைச்சல் இருந்ததே?" என்றாள் லோஜனா. "இந்தத் தனோஜன் வரத் தொடங்கினாப் பிறகுதான் இந்தக் கூத்து. எங்கட ஆக்களின்ர வேலை இப்பிடித்தான்."

"சும்மா சொல்லாதையும். நல்ல பெடியன்."

"நாலு தரம் வந்தவன். நாலு தரமும் அவன் போய் ஒரு கிழமையில நாறுது. அதுக்கு என்ன சொல்லுறியள்?"

எல்லர்ஸ்லி ஆபீஸில் கம்ப்யூட்டர் புரோகிராம்களில் பிழை பிடிப்பது அவனுடைய உத்தியோகம். இந்தப் பிழை மட்டும் பிடிபடமாட்டேன் என்றது.

லோஜனா கம்பனிக்கு இரண்டாவது கம்ப்ளெயின்டையும் அனுப்பினாள்.

மறுநாளே தனோஜன் வந்தான். வழக்கமாக அவன் வரும் நேரம் ஆபீஸில் இருக்கும் சிவனேசன், அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நின்றான்.

தனோஜன் மூடியைத் திறந்து, ஒரு போத்தலில் தண்ணீர் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணை, உள்ளுக்க பக்டீரியா எல்லாம் செத்துப் போச்சு. அதுதானே கழிவைத் தின்னுறது. அது செத்தா நாறத்தான் செய்யும். பிளீச் ஏதும் ஊத்துறனீங்களோ?"

"சீச்சீ, இல்லை. ஊத்த வேண்டாம் எண்டு கிரஹாம் அப்பவே சொன்னவர்."

"இது போர் கிணத்துத் தண்ணி. சுண்ணாம்பு படியுமே, அதுக்கு அசிட் ஏதும்?"

"வினாகிரி மட்டும்தான். என்ன லோஜனா?"

"ஓம் தம்பி, வினாகிரிதான்." அதில் பொய்யில்லை. கேத்தில், ஷவர், குழாய் எல்லாம் அந்த வினிகரில்தான் பளபளத்தன.

தனோஜன் தலையைச் சொறிந்தான்.

"அப்ப எனக்கும் விளங்கேல்லை. இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா வேலையால நிப்பாட்டிப் போடுவன் எண்டு மனேஜர் சொல்லிட்டார். விசாவும் இந்த வேலையிலதான் நிக்குது, அண்ணை. மனிசியும் பிள்ளையும் போன மாசம்தான் வந்து சேர்ந்தவை."

சிவனேசனுக்கு மனம் கேட்கவில்லை.

தனோஜன் டாங்க்குக்குள் புதிதாகப் பக்டீரியா போட்டு மூடினான்.

"உள்ள வந்து கைகழுவிட்டு டீ குடிச்சிட்டுப் போங்கோ, தம்பி," என்றாள் லோஜனா.

பாத்ரூமுக்குப் போய்வந்து, பேப்பர் கப்பில் தந்த டீயைக் குடித்த தனோஜன் லோஜனாவைப் பார்த்துச் சிரித்தான்.

"மற்ற வீடுகளில தோட்டத்துக் குழாயைத்தான் காட்டுவினம். அக்கா மட்டும்தான் சொந்தக்காரர் மாதிரி உள்ள விடுறவ."

அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு சிவனேசன் திரும்பினான். பாத்ரூம் பக்கமிருந்து ஒரு நெடி வந்து கண்ணைக் கரித்தது. எட்டிப் பார்த்தான்.

லோஜனா கையில் உறை, முகத்தில் மாஸ்க். கீழே ஒரு வெறும் பிளீச் போத்தல் கிடந்தது. இன்னொன்றை டாய்லெட்டுக்குள் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"லோஜனா! என்ன செய்யிறீர்? வினாகிரி எண்டெல்லோ சொன்னனீர்!"

"சுண்ணாம்புக்கு வினாகிரிதான். இதென்ன ஒவ்வொரு நாளுமா ஊத்துறன்? அவன் வந்து போற நாளில மட்டும்தானே. ரெண்டு போத்தலுக்கு உங்கட பக்டீரியா சாகுமே?"

"அவன் வந்து போனா ஏன் ஊத்த வேணும்?"

"இதென்ன கேள்வி? மலக்குழியில அளைஞ்ச கை. வீட்டில சாமி அறை இருக்கெல்லே."

சிவனேசனுக்கு எல்லாம் விளங்கியது. ஒன்றைத் தவிர.

"கிரஹாமும் அதே குழியிலதானே கை வைச்சவர்? இதே பாத்ரூமுக்குள்ளதானே வந்தவர்? அப்ப ஏன் ஊத்தேல்லை?"

லோஜனா அவனைக் குழப்பத்தோடு பார்த்தாள்.

"அவர் வெள்ளைக்காரர் எல்லே?"