குட்டிக் கிட்டாருக்குக் கொசுறு

“நூத்தம்பது யூரோ சொன்னவனுக்கே இல்லைன்னுட்டேன். நீ எவ்வளவு கொடுப்பே, அதைச் சொல்லு” என்றார் வின்கோ.

யேரேவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்ப்ளிட் என்னும் துறைமுக நகரத்தின் கல் வளைவுக்கடியில் நான்கு வருடமாகக் கிட்டார் வாசிப்பவன் அவன். குரல் எழுப்பினால் கல்லே கூடப் பாடும் இடம். தெருவில் வாசிப்பவர்களுக்குப் பட்டாவா இருக்கிறது? நாள் தவறாமல் வருகிறவனுக்கே இடம். வின்கோ வாசிப்பது பத்தடி தள்ளி, மீன் சந்தை வாசலில். அங்கே கூட்டமெல்லாம் மீனுக்குத்தான்.

விற்பனைக்கு வந்தது வின்கோவின் பயணக் கிட்டார். கைக்குழந்தை அளவு. ரயிலில் தலைக்கு மேலே அடங்கிவிடும், கப்பலில் மடியிலேயே கிடக்கும். இனி அலைய உடம்பு தாங்காது, இன்றைக்குள் இதை விற்றாக வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வாங்க வந்த இரண்டு பேரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, விரல் சுத்தமில்லை என்று திருப்பியனுப்பிவிட்டார்.

யேரே அதைக் கையில் வாங்கி மீட்டினான். மீன் அரிந்துகொண்டிருந்த மாராவின் கத்தி நின்றது. வின்கோ கண்ணை மூடிக் கேட்டார்.

“கழுத்துல கீறல் இருக்கே அண்ணே. எழுபது.”

“எழுபதுக்கு உறைதான்டா வரும்.”

“சரி, உறையோட எழுபது.”

வின்கோ சிரித்துவிட்டார். தோள்வார், மாற்றுத் தந்தி என்று யேரே ஒவ்வொன்றாகக் கொசுறு கேட்டான். எதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. கடைசியில் அவராகவே சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து நீட்டினார். அன்று மாலை இத்தாலிக்குக் கிளம்பும் கப்பல், திரும்பி வர நான்கு நாள். யேரேவின் பெயரிலேயே எடுத்திருந்தார்.

“இந்தக் கையை ஒரே தெருவுல அடைச்சு வெக்கிறது பாவம்டா. அக்கரையில இருக்கிறவனும் கேக்கட்டும்.”

யேரே கண் கலங்கி அவரைக் கட்டிக்கொண்டான். கிட்டாரும் கையுமாகத் துறைமுகத்துக்கு ஓடினான்.

மாராவுக்குப் பொறுக்கவில்லை. வந்த நூற்றைம்பதை விட்டு எழுபதுக்குக் கொடுத்து, கைக்காசில் டிக்கெட்டும் வாங்கித் தருகிற வியாபாரியை அவள் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. அதை அவரிடமே சொன்னாள்.

“அவனை மாதிரி வாசிக்கிறவன் இந்தக் கரையிலேயே கிடையாது மாரா. நிஜமாத்தான் சொல்றேன்” என்றார் வின்கோ.

மறுநாள் காலை மாரா வந்தபோது மீன் சந்தை வாசல் காலியாக இருந்தது. வின்கோ தன் பெரிய கிட்டாரோடு கல் வளைவுக்கடியில் உட்கார்ந்து தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“நாலு வருஷத்துக்கு முன்னால காய்ச்சல்ல ஒரே ஒரு நாள் நான் வரலை” என்றார் அவளைப் பார்த்து. “அன்னைக்குத்தான் அவன் இங்க வந்து உக்காந்தான்.”