என்னங்க, ஏங்க, இந்தாங்க

மூக்கன் கிளாஸுக்குள் மூக்கை நுழைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். கோடைக் காற்று ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"தேன்," என்றான். "அப்புறம் நல்லாப் பழுத்த பேரிக்காய். கடைசியில லேசா வெண்ணெய்."

"எப்படிடா?" என்றார் வாத்தியார். பள்ளித் தோழர், மூக்கன் என்று பெயர் வைத்ததே அவர்தான். "எனக்கு வெறும் ஜில்லுன்னுதான் இருக்கு."

"உங்களுக்கு சாக்பீஸ் தவிர எந்த வாசனை தெரியும்?" என்றான் மச்சான், மனைவியின் தம்பி.

ஒவ்வொரு கோடையிலும் இந்த விருந்து உண்டு. மகளுக்குச் சின்னதாகிப்போன பள்ளிக்கூட சாக்ஸை மூன்று ஒயின் பாட்டில்களுக்கு மூக்கனின் மனைவி மாட்டிவிடுவாள். குடித்துப் பார்த்து எதில் என்ன வாசனை என்று சொல்ல வேண்டும். பிறகு சாக்ஸைக் கழற்றி, லேபிளில் எழுதியிருப்பதோடு ஒத்துப் பார்ப்பார்கள்.

இந்த முறை முதலாளியும் வந்திருந்தார். ஒயின் இறக்குமதி செய்யும் அவருடைய நிறுவனத்தில் எதை வாங்கலாம், எதை விடலாம் என்று சொல்வது மூக்கன்தான். "தம்பி, உங்க வீட்டு விருந்துக்கு நானும் வரேன். உங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும்," என்று அவரே கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

போன குளிர்காலத்துக் காய்ச்சலோடு மூக்கனுக்கு வாசனை தெரிவது நின்றுபோயிருந்தது. நாக்குக்குப் புளிப்பும் இனிப்பும் தெரியும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. மகளின் தலைமுடியும் ஒன்றுதான், குப்பைக்கூடையும் ஒன்றுதான். முதலில் பயமாக இருந்தது. இப்போது அதுகூட இல்லை. இருபது வருடமாக மூக்கைத் தவிர வேறெதையும் வளர்க்காதவனுக்கு இந்த வேலை போனால் இன்னொரு வேலை கிடையாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

வழி கண்டுபிடித்தது மனைவிதான். ஊற்றிக் கொடுக்கும்போது அவள் "என்னங்க" என்றால் தேன். "ஏங்க" என்றால் எலுமிச்சை. "இந்தாங்க" என்றால் புல். வீட்டில் நாள் முழுக்கப் புழங்கும் வார்த்தைகள். யாருக்குச் சந்தேகம் வரும்?

முதல் கிளாஸ் நன்றாகவே முடிந்தது. "தேனேதான்," என்று முதலாளி தலையாட்டினார். அவள் இரண்டாவது பாட்டிலிலிருந்து ஊற்ற ஆரம்பித்தாள். மேசையின் அந்தக் கோடியில், பால்கனி ஓரமாக இருந்த வாத்தியார் தலையைத் தூக்கினார்.

"யார் வீட்டுலயோ கருகுதே."

"யார் வீட்டுலயோ இல்ல. அக்கா, ஓவன்ல ரொட்டி வச்சியா?" என்றான் மச்சான்.

அவள் உள்ளே ஓடினாள். கருகுகிறது என்பதை மூக்கன் வாத்தியாரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். சமையலறைக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த முதலாளி, எதுவும் நடக்காதது போல் காலிக் கிளாஸைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

இருமிக்கொண்டே திரும்பி வந்தவள், மற்றவர்களுக்கும் ஊற்றிவிட்டு மூக்கனிடம் கிளாஸை நீட்டினாள். "ஏங்க, ரொட்டி போச்சு. இந்தாங்க."

இரண்டு வார்த்தை. மூக்கன் அவள் முகத்தைப் பார்த்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாக்கு புளிப்பு என்றது. எலுமிச்சையும் புளிப்புதான், புல்லும் புளிப்புதான். முதலில் காதில் விழுந்ததையே எடுத்துக்கொண்டான்.

"எலுமிச்சைத் தோல்."

"எனக்கென்னமோ புல்லு வெட்டின மாதிரி வாசனை வருது," என்றார் வாத்தியார்.

"ரொட்டி போச்சுல்ல. பசியில புல்லு ஞாபகம் வரத்தான் செய்யும்," என்றான் மச்சான்.

முதலாளி சிரிக்கவில்லை. கிளாஸை மூக்கருகே வெகுநேரம் வைத்திருந்தார். "எலுமிச்சைதான். சந்தேகமே வேணாம். தம்பி சொன்னதையேதான் நானும் நெனச்சேன்."

பாட்டில் மேலிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது. மூன்றாவதை அவள் ஊற்றினாள். "ஏங்க," என்றாள். அவ்வளவுதான்.

இரண்டாவதுதான் புல் என்று மூக்கனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நெஞ்சு படபடக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சாமானை யாரோ தூக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. எலுமிச்சையைத்தான் ஏற்கெனவே சொல்லியாயிற்றே. "புல்," என்றான். முதலாளி அதற்கும் தலையாட்டினார்.

"ரெண்டாவதுதான் புல்லு. எழுதி வச்சுக்கோங்க," என்று வாத்தியார் சாக்ஸ் பக்கம் கையை நீட்டினார்.

நாற்காலி தரையில் கிறீச்சிட முதலாளி எழுந்தார். "அது அப்புறம் ஆகட்டும். தம்பி, கொஞ்சம் வெளிய வாங்க."

மனைவி யாரையும் பார்க்காமல் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். மூக்கன் அவர் பின்னாலேயே பால்கனிக்குப் போனான். கீழே தெருவில் யாரோ கடைக் கதவை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"சார், நானே சொல்லிடறேன்..."

முதலாளி கையைக் காட்டித் தடுத்தார். கண்ணாடிக்கு அப்பால், வாத்தியாரின் விரல்கள் இரண்டாவது சாக்ஸின் மேல் இருந்தன.

"உண்மையச் சொல்லுங்க தம்பி. அது எலுமிச்சைதானே?"

மூக்கன் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொன்னதத்தான் நான் திருப்பிச் சொன்னேன்," என்றார் முதலாளி. "எனக்கு மூக்கு போய் ரெண்டு வருஷமாச்சு."