புல்லட் கேஸ்

"கோதண்டம் மாமாவா? நம்ம மேல கேஸா?"

அமீருதீனுக்கு நம்பவே முடியவில்லை. கோர்ட்டிலிருந்து வந்த சம்மனை மனைவி ரூபினாவிடம் நீட்டினான்.

"அவரேதான். போன ரம்ஜானுக்குக்கூட வந்து பிரியாணி துன்னுட்டுப் போனாரே!" என்றாள் அவள்.

அமீருதீனின் அத்தா உபைதுல்லா, ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ராயபுரம் வீட்டு வாசலில் அவருடைய பழைய புல்லட் நின்றது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு, வண்டி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"சும்மா நின்னா துருதான் புடிக்கும். வித்துடலாமா அத்தா?" என்று அமீருதீன் கேட்டபோது, "உன் இஷ்டம்பா" என்று சொல்லிவிட்டு டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

அமீருதீன் போட்டோ எடுத்து, பிரவுசிங் சென்டருக்குப் போய் இன்டர்நெட் ஏலத்தில் போட்டான். கடைசியில் அதிக விலை கேட்டு ஏலத்தை எடுத்தவர் யாரென்று பார்த்தால், திருவொற்றியூர் கோதண்டம். ஹார்பரில் அத்தாவோடு ஒன்றாக வேலை பார்த்த அதே கோதண்டம். மருமகளை விட்டுக் கம்ப்யூட்டரில் கேட்கச் சொன்னாராம்.

மறுநாளே பெங்களூரிலிருந்து ஒரு போன். பழைய வண்டிகளைத் தேடித்தேடி வாங்குகிற பணக்காரர். இரண்டு மடங்கு தருகிறேன் என்றார். அமீருதீனுக்கு மனசு மாறிவிட்டது.

"ஏலம் கேன்சல் மாமா" என்று கோதண்டத்திடம் சொல்லிவிட்டான்.

அதற்குத்தான் இந்தக் கேஸ். ஏலம் எடுத்தவருக்கே வண்டியைக் கொடுக்க வேண்டுமாம். வழக்கு முடிகிற வரை வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று கோர்ட் தடையும் போட்டிருந்தது. வண்டி அத்தா பேரில் இருந்ததால் முதல் பிரதிவாதி உபைதுல்லா. இரண்டாம் பிரதிவாதி அமீருதீன்.

"பாத்தீங்களா அத்தா, உங்க தோஸ்த? இத்தினி வருசமா வண்டி மேலயே கண்ணு வெச்சிகினு இருந்திருக்காரு!"

உபைதுல்லா எழுந்தார். ஒரு பழைய பனியனை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

வழக்கு ஆமை மாதிரி நகர்ந்தது. ஒரு வாய்தாவுக்கு வாதி கோதண்டத்துக்கு வயிற்றுப்போக்கு. அடுத்த வாய்தாவுக்கு அவருடைய வக்கீல் ஊரில் இல்லை. அதற்கடுத்து வக்கீல் ஒருவழியாக வந்தார். கொண்டுவர வேண்டிய பேப்பரை வீட்டிலேயே மறந்துவிட்டாராம்.

பல்லைக் கடித்துக்கொண்டு அமீருதீன் வெளியே வந்தால், எதிர் டீக்கடையில் வாதியும் முதல் பிரதிவாதியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாய், உனுக்கு சுகர் கீதுல்ல? சக்கரை இல்லாம போடச் சொல்லட்டா?"

"நீ கேஸ் போட்ட பேஜார்லதான்டா எனக்கு சுகரே ஏறிச்சி!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமீருதீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெங்களூர்க்காரர் காத்திருந்து அலுத்துப்போய் வேறு வண்டி வாங்கிவிட்டார். அடிக்கடி லீவு கேட்டு ஆபீஸிலும் திட்டு.

"ஏலம் எடுத்தவருக்கே குடுத்துட்டு நிம்மதியா இருங்களேன்" என்றாள் ரூபினா.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்குப் பஸ் ஏறினான்.

"நீங்களே ஜெயிச்சிட்டீங்க மாமா. இந்தாங்க சாவி. வண்டிய எடுத்துக்கினு கேஸ வாபஸ் வாங்கிடுங்க."

கோதண்டத்தின் முகம் தொங்கிப்போனது. சாவியை அவர் தொடவே இல்லை.

"இன்னா நைனா திடீர்னு? கேஸ் பாட்டுக்கு நடக்கட்டுமே."

"நாந்தான் குடுக்கறேன்றேனே!"

"வேணாம்பா. கோர்ட்டு சொல்லட்டும். இன்னா அவசரம் இப்ப?"

அமீருதீனுக்குக் கோபம் தலைக்கேறியது. "வண்டி வேணும்னுதானே கேஸ் போட்டீங்க? கொண்டாந்து குடுத்தா வேணாம்றீங்க. எங்கள நாயா அலையவிடணும், அதானே உங்களுக்கு?"

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்த கோதண்டத்தின் மனைவி பச்சையம்மா அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"சொல்லித் தொலையேன்யா அந்தப் புள்ளையாண்ட! சைக்கிள் கூட ஓட்டத் தெரியாத ஆளு, புல்லட்டுக்குக் கேஸ் போட்டுகினு சுத்துது!"

அமீருதீன் விழித்தான். "ஓட்டத் தெரியாதா? அப்ப எதுக்கு மாமா இதெல்லாம்?"

கோதண்டம் பச்சையம்மாவை முறைத்துவிட்டு அமீருதீன் பக்கம் திரும்பினார்.

"நீ ஏலத்துல போட்ட அன்னிக்கி உங்கப்பன் எனக்கு போன் பண்ணான். 'கோதண்டம், வண்டி போவுதுடா'ன்னான். அப்பால பேச்சே வர்ல. அழுவறான்னு தெரிஞ்சிது. எவனோ எடுத்துகினு போறதுக்குப் பதிலா நம்ம வூட்டாண்ட நின்னா, நெனச்சப்ப வந்து தொட்டுப் பாப்பானேன்னுதான் ஏலம் கேட்டேன். நீ பெங்களூருக்கு அனுப்பப் போறேன்னு தெரிஞ்சதும் வக்கீலாண்ட ஓடுனேன். கேஸ் நடக்கற வரிக்கும் வண்டி உங்க வாசல வுட்டு நவுராதுன்னாரு. அதான் வாய்தா வாங்கிகினே கீறேன்."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா மாமா?" என்றான் அமீருதீன்.

கோதண்டம் அவன் கையிலிருந்த சாவியை அவன் சட்டைப் பையிலேயே போட்டுத் தட்டினார்.

"பெத்த புள்ளையாண்ட 'விக்காத'ன்னு சொல்ல உங்கப்பனுக்கு வாய் வர்ல நைனா. அதான் கோர்ட்ட வுட்டு சொல்ல வெச்சேன்."